ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கும் எஞ்சின்

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் நெருக்குண்டு, வேகமெடுத்து, முப்பந்தல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே இந்தக் காற்றுதான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் சீராக ஓடிப் போன ஒரு பழைய அம்பாசடர், இந்த மாதங்களில் திரும்பி வரும்போது காவல்கிணறு தாண்டியதும் குலுங்கத் தொடங்குவதுண்டு. சாலையில் பெரிய ஏற்றம் இல்லை. டாங்கில் இருப்பது அதே பெட்ரோல். ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் குலுக்கல் நின்றுவிடும், மிதித்தால் மறுபடி வரும்.

காற்றின் எதிர்ப்பு, காருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 40 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எதிரே வந்தால் அது சந்திக்கும் காற்றின் வேகம் 100. காற்று அசையாத நாளோடு ஒப்பிட்டால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. போகும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளியது. அப்போது கார் சந்தித்த வேகம் வெறும் 20. ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலை ஒன்றுதான். எஞ்சினுக்கு அவை இரண்டு வெவ்வேறு சாலைகள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வழியாகக் கோதையாறு போகும் மலைப்பாதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று, சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடுவதற்குச் சுமார் 3 கிலோவாட் திறன் போதும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தைக் காக்க 16 கிலோவாட் வேண்டும். வேகமானியின் முள் அசையவில்லை. ஆனால் எஞ்சினிடம் கேட்கப்படும் வேலை ஐந்து மடங்காகிவிட்டது.

"ஏத்தத்துல வண்டி வலிக்க மாட்டேங்கு, மிஸ் அடிக்கு" என்று மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு பட்டறையில் கார்க்காரர் சொன்னால், அந்த முறையீட்டின் முதல் சொல்தான் மிக முக்கியமான தடயம். நிற்கும்போது மிஸ் இல்லை, சமதளத்தில் இல்லை, சுமை ஏறும்போது மட்டும் வருகிறது. சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் என்னென்ன மாறுகின்றன என்று தெரிந்தால் குறையைத் தேட வேண்டிய இடங்கள் சுருங்கிவிடும். தெரியாவிட்டால் பிளக், பாயின்ட், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பணத்தைக் கரைக்க வேண்டியதுதான்.

பொறிக்கு நேரும் சோதனை

அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். இந்தப் பொறியை உண்டாக்கும் முறையை 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவும்வரை உலகின் பெரும்பாலான கார்கள் அதைத்தான் நம்பி ஓடின. பாயின்ட் என்ற சிறு மின்தொடுப்பு மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் தடித்த கம்பிச்சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. பாயின்ட் திறந்த கணத்தில் மின்சாரம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புகிறது.

பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே சுமார் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்ட எத்தனை வோல்ட் வேண்டும்? ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷன் 1889-இல் இதற்கு விடை தந்தார். வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் அளவையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தே தேவையான வோல்ட் அமைகிறது. எஞ்சினுக்குள் நிலவும் அழுத்தங்களில், இந்த இரண்டில் எது கூடினாலும் வோல்ட் கூட வேண்டும்.

காரணம் எளிது. ஒரு எலெக்ட்ரான் வாயு மூலக்கூறை மோதி உடைத்து இன்னொரு எலெக்ட்ரானை விடுவிக்க வேண்டுமானால், மோதுவதற்கு முன் போதிய ஆற்றல் சேர்த்திருக்க வேண்டும். சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர் நாலடி ஓடுவதற்குள் யார்மேலாவது இடித்துவிடுவார். வேகமெடுக்க இடமே கிடைக்காது. அழுத்தம் கூடிய வாயுவில் எலெக்ட்ரானின் நிலையும் அதுதான். குறுகிய ஓட்டத்திலேயே அதற்கு ஆற்றல் கிடைக்க வேண்டும் என்றால் மின்புலம் வலுவாக இருக்க வேண்டும்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். எஞ்சின் சும்மா ஓடும்போது கார்புரேட்டரின் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் நுழையும் கலவையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் த்ராட்டில் திறந்து சிலிண்டர் நிரம்புகிறது. பிஸ்டன் அதை அழுத்தி முடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் முன்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இன்னொரு மாற்றமும் கூடவே நடக்கிறது. சுமை குறைந்திருக்கும்போது வேக்குவம் அட்வான்ஸ் பொறியை முன்கூட்டியே, அதாவது அழுத்தம் உச்சத்தை எட்டுமுன்பே, வரவைக்கும். சுமையில் வேக்குவம் போய்விடுவதால் பொறி தாமதமாக, அழுத்தம் உச்சத்தை நெருங்கிய வேளையில் வருகிறது. சும்மா ஓடும்போது ஐந்தாறாயிரம் வோல்ட்டில் தாண்டிய பொறிக்கு இப்போது அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம்.

தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் வலுவிழந்த காயிலும் வீட்டு வாசலில் எந்தக் குறையும் காட்டாததற்கும் ஏற்றத்தில் கைவிடுவதற்கும் இதுவே காரணம். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மீது வைத்து, நீலப் பொறி வருகிறது என்று காட்டிக் காயில் நன்றாக இருக்கிறது எனத் தீர்ப்புச் சொல்வது நம் பட்டறைகளில் பழக்கம். வெளிக்காற்றில் பாயும் பொறி, சிலிண்டரின் அழுத்தத்தில் பாய்ந்தே தீரும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

மின்சாரம் தப்பும் வழிகள்

பிளக்கைத் தாண்டுவது கடினமாகும்போது, அதைவிட எளிய வழி வேறு எங்காவது இருந்தால் மின்சாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல், ரோட்டரிலிருந்து தண்டுக்கு இறங்கும் ஓட்டை, இன்சுலேஷன் வெடித்த ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) வயர், கீறல் விழுந்த பிளக் பீங்கான் ஆகியவை அந்த வழிகள். மின்சாரம் ஒருமுறை போன தடத்தில் கரி படிகிறது. கரி மின்கடத்தி என்பதால் அடுத்த முறை அதே தடம் இன்னும் எளிதாகிறது. மூடியைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு செம்புமுனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல் கருங்கோடு தெரியும். துடைத்தால் அது போகாது. மூடியை மாற்ற வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இந்தக் குறைக்குத் துணைபோகும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கடல். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கரையோர ஊர்களில் நிற்கும் வண்டிகளின்மீது உப்பு மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்த உப்பு பெரிதாக மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் பட்டதும் கடத்தும். இரண்டாவது மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. ஆகவே ஈரத்துக்கு இங்கே நீண்ட இடைவேளை கிடையாது. மூடியையும் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது இங்குள்ள பழைய கார்களுக்கு அவசியமான பராமரிப்பு.

இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, நிற்கும் வண்டியில் ஒருவர் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விட, மற்றவர் கைபடாமல் எட்ட நின்று கவனித்தால் கசிவு நீலப் பொறியாகத் தெரியும். த்ராட்டில் சட்டென்று திறக்கும் அந்தக் கணத்தில் சிலிண்டர் அழுத்தம் உயர்வதால், வண்டி நகராமலேயே சிறிது நேரம் சுமை போட்ட நிலை கிடைக்கிறது.

நல்ல மெக்கானிக்குகளையும் ஏமாற்றும் ஒரு குறை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. வேக்குவம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் பொருத்திய தட்டு நிலையாக நிற்பதில்லை. சுமை மாறும்போதெல்லாம் திரும்புகிறது. அதோடு சேர்ந்து பாயின்ட்டுக்குப் போகும் சிறு வயரும் பல ஆண்டுகள் மடங்கி நிமிர்கிறது. ஒரு நாள் உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். மேலுறை மட்டும் முழுதாக இருக்கும். தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சுமையில் தட்டு திரும்பியதும் விலகும். வயரைப் பார்த்தால் குறை தெரியாது. மெல்ல இழுத்துப் பார்த்தால் உறை ரப்பர்போல் நீளும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் இதே கதைதான்: இழுவையில் எஞ்சின் ஒருபக்கம் சாய்ந்து, வயரை இழுத்து, மிஸ் அடிக்க வைக்கும்.

பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சரும் காயிலும் சூட்டில் மட்டும் பழுதாகக்கூடியவை. ஏற்றம் தொடங்கும்போது சரியாக ஓடிப் பாதி மலையில் மிஸ் தொடங்கி, அரைமணி நேரம் ஆறப் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால் இந்த இரண்டையும் நினைக்க வேண்டும். பாயின்ட் முகம் சீக்கிரமே கருகிக் குழி விழுந்தால் கண்டென்சர்மேல் சந்தேகம் வலுக்கிறது.

பெட்ரோல் போதாமல் போகும்போது

முன்பு சொன்ன காரையே மறுபடி எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 3 லிட்டர் போல் குடித்த வண்டி, ஏற்றத்தில் சுமார் 8 லிட்டர் கேட்கிறது. டாங்க் குழாய், ஃபில்டர், பம்ப், ஃப்ளோட் சேம்பரின் ஊசி வால்வு, மெயின் ஜெட் என்று பெட்ரோல் கடக்கும் ஒவ்வோர் இடமும் இந்த எட்டு லிட்டரைத் தந்தாக வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் மூன்று லிட்டரைத் தடையின்றி விடும், எட்டு லிட்டரை விடாது. ஃப்ளோட் சேம்பரில் சேர்ந்திருக்கும் பெட்ரோலை வைத்து எஞ்சின் சிறிது தூரம் ஏறும். அது வற்றத் தொடங்கியதும் கலவை மெலியும், இழுவை குறையும், கடைசியில் மிஸ் அடிக்கும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகபட்ச இழுவைக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, அதாவது 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்க வேண்டும். காற்று மிகுந்து கலவை மெலிந்துகொண்டே போனால் பொறி வந்தாலும் தீ பரவாது. மெலிந்த கலவையில் பொறி தாண்டுவதற்கே கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் குறையும் பொறிக் குறையும் ஒன்றுபோல் தோன்றுவதற்கும், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் சேர்ந்து வண்டியை நிறுத்திவிடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டையும் பிரித்தறிய ஓட்டுநருக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு கருவி இருக்கிறது. ஏற்றத்தில் மிஸ் அடிக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். சோக் காற்றைக் குறைத்துக் கலவையைச் செழிக்க வைக்கும். குலுக்கல் அடங்கி இழுவை திரும்பினால் பெட்ரோல் வரும் வழியில் தேடலாம்; அல்லது கார்புரேட்டருக்குக் கீழே காஸ்கெட் வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறதா என்று பார்க்கலாம். மாற்றமே இல்லை, அல்லது இன்னும் மோசமாகிறது என்றால் பொறியின் பக்கம் திரும்ப வேண்டும்.

காதும் உதவும். கார்புரேட்டர் வழியாகத் தும்முவதுபோல் சத்தம் வந்தால் பெரும்பாலும் கலவை மெலிந்திருக்கிறது. சைலன்சரில் வெடிச்சத்தம் வந்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ப் பற்றுகிறது. அதற்குப் பெரும்பாலும் பொறி தவறுவதே காரணம். பொறி தவறும் மிஸ், வெட்டியதுபோல் திடீரென வரும். பெட்ரோல் போதாத மிஸ் தளர்ச்சியோடு தொடங்கி, விட்டு விட்டு இழுக்கும்.

பம்பைச் சந்தேகித்தால், குளிர்ந்த எஞ்சினில், அருகே நெருப்பு எதுவும் இல்லாத திறந்தவெளியில், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயில் வயரைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கலாம். எட்டு லிட்டர் என்பது நிமிடத்துக்கு 130 மில்லி சொச்சம். துடித்துத் துடித்து அதைப் போல் இரண்டு மூன்று மடங்காவது வராவிட்டால் பம்ப் டயஃப்ரமையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

புது பெட்ரோல், பழைய ஜெட்

1983-இல் வெளிவந்த மாருதி 800 தொடங்கி, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் எல்லாமே எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஜெட் அளவிட்ட வண்டிகள். 2022-இல் நாடு முழுவதும் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023-இல் இருபது சதவீதக் கலப்பு அறிமுகமாகி, இப்போது பரவலாக அதுவே கிடைக்கிறது. எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் இருபது சதவீதக் கலவை முழுதாக எரிய 13.5 பங்கு காற்றே போதும். இன்றைய கார்களில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டரின் மெயின் ஜெட் என்பது பித்தளையில் துளைத்த ஓட்டை. அது தானாக அகலாது. எனவே பழைய அளவில் விட்ட ஜெட் இப்போது ஏறத்தாழ எட்டு சதவீதம் மெலிந்த கலவையைத் தருகிறது. சமதளத்தில் இது தெரியாது. ஏற்றத்தில், பொறியும் சற்று வலுவிழந்திருந்தால், தெரிந்துவிடும்.

எத்தனால் பழைய பம்ப் டயஃப்ரம்களின் ரப்பரைப் பதம் பார்க்கும். டாங்கில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிய பிசினைக் கரைத்து ஃபில்டரில் சேர்க்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஓரளவுக்குமேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் டாங்கின் அடிப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்துப் பார்ப்பது நல்லது. அடியில் தனிப் படலம் தெரிந்தால் டாங்கைக் காலிசெய்து கழுவுவதுதான் வழி.

வரிசை தவறாத தேடல்

முதலில் சுமையையும் சுற்றையும் பிரிக்க வேண்டும். நியூட்ரலில் எஞ்சினைப் படிப்படியாக வேகமேற்றும்போதும் மிஸ் அடித்தால், அது சுமை சார்ந்தது அல்ல. பாயின்ட் இடைவெளி, பாயின்ட் ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் சீராக ஓடி, டாப் கியரில் மெதுவாக ஏறும்போது மட்டும் தடுமாறினால் இந்த அத்தியாயம் சொல்லும் குறை அதுதான். நிற்கும்போதும் ஒரே தாளத்தில் ஒரு சிலிண்டர் தவறினால் வால்வு எரிந்திருக்கிறதா, ஹெட் காஸ்கெட் போயிருக்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்துவிடுவது மேல். அங்கே எந்த டியூனிங்கும் உதவாது.

அடுத்து ஏற்றத்தில் சோக் சோதனை. அதற்கடுத்து பிளக். மிஸ் அடிக்கும் இடத்திலேயே, ஒதுங்க வசதியிருந்தால், கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியபின் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். வீட்டுக்கு ஓட்டிவந்து சும்மா ஓடவிட்டுக் கழற்றினால் பிளக் வேறு கதை சொல்லும். நான்கும் வெளிறியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வயரையும் மூடியின் முனையையும் பார்க்க வேண்டும். டைமிங் லைட் இருந்தால் அதைக் காயிலின் நடு வயரில் மாட்டி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்துப் பார்க்கலாம். அங்கேயே ஒளி விட்டுப் போனால் குறை காயில், கண்டென்சர், பாயின்ட், சிறு வயர் ஆகியவற்றில் இருக்கிறது. அங்கே ஒளி சீராக வந்து ஒரே ஒரு பிளக் வயரில் மட்டும் விட்டுப் போனால் குறை அந்த வயரிலோ மூடியிலோதான்.

இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஃபீலர் கேஜ், டைமிங் லைட், நல்ல நிலையில் உள்ள ஒரு காயிலும் கண்டென்சரும், பொறுமை ஆகியவை போதும். பழைய கார் வைத்திருப்பவர்களிடமும் அவற்றைப் பார்த்துக் கொடுக்கும் இளம் மெக்கானிக்குகளிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் எந்த ஏற்றத்தில் மிஸ் அடித்ததோ அதே ஏற்றத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம்; எது சரிசெய்தது என்று மட்டும் ஒருநாளும் தெரியாது, அடுத்த வண்டிக்கு அந்த அனுபவம் உதவாது.